ஆறு மணிக் கூட்டமும் இடுப்புக் குழந்தையும்

இலக்கியக் கூட்ட அழைப்பிதழ்களில் மாறாத வரி ஒன்று உண்டு. புத்தகம் மாறும், பேசுகிறவர் மாறுவார், பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் வரும். 'மாலை 6 மணி' மட்டும் அப்படியே இருக்கும். திருவொற்றியூரில் ஆறு மணி என்றால் என்னவென்று அழைப்பிதழ் அடிப்பவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. டியூஷனிலிருந்து ஒரு பிள்ளை வரும், இன்னொன்று போகும். குழாயில் தண்ணீர் ஏறாத தெருமுனையில் தண்ணி லாரி வந்து நிற்கும். இரண்டாம் ஷிப்டுக்குப் போனவர் வீடு திரும்ப இரவு பத்தரை தாண்டும். நைட் ஷிப்டுக்குக் கிளம்புகிறவருக்கு இனிமேல்தான் சோறு வடிக்க வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் எண்ணூர் சாலையில் வால் நீட்டி நிற்கும். அந்த வேளையில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டம் நடக்கும் ஆழ்வார்பேட்டைக்கோ கே.கே. நகருக்கோ கிளம்பும் பெண்ணைக் கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். கற்பனையில்கூட அவள் தண்டையார்பேட்டையைத் தாண்டவில்லை.

பிள்ளை வளர்த்துக்கொண்டே எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வாசிப்புத் தொடர் உலகத்தில் இல்லாமல் இல்லை. நியூயார்க்கில், மான்ஹாட்டனின் தென்முனையில், 'பென் பேரன்டிஸ்' என்ற அமைப்பு 2009 முதல் அப்படிப்பட்ட கூட்டங்களை நடத்திவருகிறது. எழுத்தாளர்கள் தங்கள் படைப்பைப் படிப்பார்கள். பிறகு எழுத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசுவார்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருப்பவருக்கு ஆண்டுதோறும் நல்கை ஒன்றும் உண்டு. அதை அப்படியே இங்கே பெயர்த்து நட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒயின் கோப்பையோடு நடக்கும் கூட்டம் நம் ஊருக்கு ஒட்டாது. ஆனால் தன்விவரக் குறிப்பில் விருதுகளுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்ல ஒரு மேடை இருக்கிறது என்பது யோசிக்க வைக்கிறது. தமிழில் அந்த இடத்தில் என்ன இருந்தது, இருக்கிறது என்று தேடிப் பார்த்ததன் விளைவுதான் இக்கட்டுரை. தேடத் தொடங்கியபோது பட்டியல் சிறியதாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. பிள்ளையோடு எழுதியவர்களுக்குத் துணை இருந்திருக்கிறது, அதற்குக் கூட்டம் என்று பெயர் வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

வடசென்னையிலிருந்தே ஆரம்பிக்கலாம். ராமலிங்க அடிகளின் இளமைக்காலத்தை எழுதியவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி இது. ஏழுகிணறுப் பகுதியில் வீராசாமித் தெரு வீடு. தகப்பனார் இல்லாத குடும்பம். மூத்தவர் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து அதில் வரும் வருமானத்தில்தான் தாயையும் தம்பி தங்கைகளையும் காப்பாற்றினார். பிரசங்கியார் பொருள் சொல்ல, கூட இருந்து பாட்டைப் படித்துக் கொடுக்கும் வேலை தம்பிக்கு. அண்ணன் உடம்புக்கு முடியாமல் படுத்த ஒருநாள், சோமு செட்டியார் வீட்டில் தம்பியே உட்கார்ந்து பேச, கூட்டம் அசந்துபோனது என்பார்கள். பக்திக் கதையாக இதைக் கேட்டே பழகிவிட்டோம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், வாசிப்புத் தொடர் ஒன்று ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. பேசுகிறவருக்குத் தட்சிணை உண்டு. மூத்தவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் வீட்டிலேயே தயாராகிக்கொண்டிருந்தார். கேட்க வந்தவர்கள் பிள்ளைகளோடு வந்தார்கள்; தூங்கின பிள்ளை மடியிலோ தூணோரத்திலோ கிடக்கும். பிள்ளை அழுதது என்று யாரும் பிரசங்கத்தை நிறுத்தியதில்லை.

அதே ராமலிங்கம் திருவொற்றியூருக்கு நடந்து போய், பாடி, இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பிய கதையும் பகுதிவாசிகளுக்குத் தெரியும். கதவு சாத்தியிருக்கிறது. எழுப்ப மனமில்லாமல் திண்ணையிலேயே படுத்துவிடுகிறார். அண்ணியின் வடிவில் வடிவுடையம்மனே வந்து சோறு படைத்தாள் என்பது ஐதீகம். எழுதப் போனவருக்கு ராச்சோறு யார் வைப்பது என்ற கேள்விக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பதில் அது. பகல் முழுக்க அந்த வீட்டைக் கட்டிச் சுமந்த அண்ணி தூங்கிவிட்டார். அவர் வேலையைப் பார்க்க அம்பாளே இறங்கி வர வேண்டியிருந்தது. அண்ணி ஒருநாள் பாடப் போயிருந்தால் யார் வந்திருப்பார்கள் என்று ஐதீகம் சொல்லவில்லை.

அடுத்த நூற்றாண்டுக்கு வந்தால் வை.மு. கோதைநாயகி நிற்கிறார். 1901-இல் பிறந்தவர், ஆறு வயது நிரம்புமுன் திருமணம் ஆனவர். கதை சொல்லத் தெரியும், சரளமாக எழுத வராது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் தோழி பட்டம்மாள். 1925-இல் 'ஜகன்மோகினி' இதழை எடுத்து நடத்தத் தொடங்கி, நூற்றுக்கும் மேல் நாவல்கள் எழுதி முடித்தார். துப்பறியும் கதை எழுதியவர், சங்கீதம் தெரிந்தவர், காங்கிரஸ் மேடையில் பேசிச் சிறை சென்றவர் என்றெல்லாம் அவரைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டம்மாளை விட்டுவிட்டு மேலே நகர முடிவதில்லை. ஒருத்தி சொல்ல இன்னொருத்தி எழுதுவதற்கு வேண்டியது ஒரு மத்தியான நேரமும் ஒரு முற்றமும்தான். நல்கை, அறை, மேஜை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. பேனா பிடித்த கையையும் எழுத்தாளராகக் கணக்கில் சேர்த்திருந்தால் தமிழ் இலக்கிய வரலாற்றின் பெயர்ப் பட்டியல் இன்னும் நீளமாக இருந்திருக்கும்.

வங்காளத்தின் ஆஷாபூர்ணா தேவியும் பள்ளிக்கூடம் போகாதவர்தான். பகலில் வீட்டு வேலை, இரவில் எழுத்து என்று வாழ்ந்து 1976-இல் ஞானபீடம் பெற்றவர். அவரைப் பாராட்டும்போது எல்லோரும் அந்த இரவைத்தான் பாராட்டுகிறார்கள். தூக்கத்தைத் திருடி எழுதுவது சாதனை என்று சொல்லிச் சொல்லியே, பகலில் இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்பதை அசிங்கமாக்கிவிட்டோமோ என்னவோ.

இரவும் இல்லாதவர்கள் உண்டு. துவரங்குறிச்சியில் சல்மா எழுதியது குளியலறையில். கதவைத் தாளிட்டுக்கொள்ள அந்த வீட்டில் அவருக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். ராஜாத்தி என்ற பெயரை மறைத்துச் 'சல்மா' ஆனார். எழுதிய தாள்கள் அம்மாவின் கை வழியாக வெளியே போயின. 2000-இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு வந்தது, 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல். அப்போது அவர் பிள்ளைகளின் தாயாகவும் பேரூராட்சித் தலைவராகவும் இருந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது அடைபட்ட கதவு பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். வெளிநாட்டு இயக்குநர் எடுத்த ஆவணப்படமும் அதைத்தான் பார்த்தது. தாளை எடுத்துக்கொண்டு போன அம்மாவை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். மகளுக்காகப் பதிப்பகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடியவர் அவர். பிள்ளை பெற்றவளின் எழுத்துக்குத் தமிழ்நாட்டில் நீண்டநாள் நிலைத்திருக்கும் அமைப்பு எது என்று கேட்டால், பிறந்த வீட்டு அம்மா என்றுதான் பதில் சொல்ல முடியும். அமைப்புக்கு ஓய்வூதியம் கிடையாது. அவருக்கு முட்டிவலி வந்தால் மகளின் எழுத்தும் உட்கார்ந்துவிடும்.

ஆண்களை என்ன செய்வது? அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான். பாரதிக்கு இரண்டு மகள்கள். இருவருமே பின்னாளில் தகப்பனைப் பற்றி எழுதினார்கள். புதுமைப்பித்தனுக்கு மகள் பிறந்தது 1946-இல். 1948-இல் அவர் போய்விட்டார். மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாக இருக்கின்றன. பிழைப்பு தேடிப் போன ஊரிலிருந்து எழுதியவை அவை. கமலாவும் சிறுகதை எழுதியவர். அவருடைய தொகுப்பு வந்தது கணவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து. ஒரே வீட்டில் இரண்டு எழுத்தாளர்கள் இருந்து, ஒருவர் சென்னையிலும் ஒருவர் திருவனந்தபுரத்தில் பிள்ளையோடும் இருந்தால் எழுத்து எப்படிப் பங்காகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. அதற்காகப் புதுமைப்பித்தனைக் கூண்டில் ஏற்றவும் நான் தயாரில்லை. அந்தக் கடிதங்களில் தெரிவது பணம் அனுப்ப முடியாத தகப்பனின் திகைப்பு.

வடசென்னையில் இந்தத் தகப்பன் இன்னும் இருக்கிறான். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த தொழில்தான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டி என்று வரிசையாக ஆலைகள் வந்தன. ஆலை வந்த இடத்தில் சங்கம் வந்தது, சங்கத்தோடு படிப்பகமும் மேடையும் வந்தன. 1975-இல் மதுரையில் தொடங்கிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம் போன்றவை வேர் பிடித்தது இப்படிப்பட்ட தொழிலாளர் பகுதிகளில்தான். ஷிப்ட் முடித்து, கிரீஸ் வாசம் போகாத கையோடு வந்து கவிதை படித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரிடமாவது "பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டிருப்பார்களா? பெண்ணாக இருந்தால் வாசலிலேயே அந்தக் கேள்விதான் வரவேற்புரை.

சென்னையின் வழக்கமான கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1970-இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' மாதாமாதம் கூடி, அந்த மாதம் பத்திரிகைகளில் வந்த கதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. பன்னிரண்டில் சிறந்ததை ஆண்டு முடிவில் அறிவித்துத் தொகுப்பும் போட்டது. கூட்டம் நடந்தது ஆழ்வார்பேட்டையில். ஆனாலும் இந்தப் பட்டியலில் அதற்குத் தனி இடம் தருவேன். கதை எழுதியவர் அங்கே வர வேண்டிய கட்டாயம் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுத்தாளர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் யாரோ ஒருவர் அவர் கதையைப் படித்து எடைபோட்டுப் பேசினார். வராதவரையும் வாசிக்கும் கூட்டம் அது. இன்றைய கூட்டங்களில் வந்து தலை காட்டினால்தான் பெயர் நிற்கிறது. 'குவிகம்', 2014-இல் தொடங்கிய 'வாசகசாலை' போன்ற அமைப்புகள் விடாமல் கூட்டம் நடத்துவதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இளம் வாசகர்களை மேடையேற்றிய புண்ணியம் அவர்களுக்கு உண்டு. நான் சொல்வது அந்த ஆறு மணியை.

இதே வரிசையில் சிரிக்காமல் சேர்க்க வேண்டிய இன்னொன்று, மங்கையர் பத்திரிகைகளின் துணுக்குப் பக்கம். நான்கு வரிச் சமையல் குறிப்பு, பிள்ளை சொன்ன மழலை, ரயிலில் கண்ட சம்பவம். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் எழுதி முடிக்கக்கூடிய வடிவம். அஞ்சலட்டையில் அனுப்பி, பெயருக்குக் கீழே ஊர் பெயர் அச்சில் வருவதைப் பார்த்து, அதிலிருந்து சிறுகதைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். விமர்சகர்கள் இதை இலக்கியமாக எண்ணுவதில்லை. பயிற்சிக்களம் என்றாவது எண்ணலாம்.

இனி, வடசென்னையின் இன்றைய எழுத்து. கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்', பாக்கியம் சங்கரின் 'நான் வடசென்னைக்காரன்', ஷாலின் மரிய லாரன்ஸின் 'வடசென்னைக்காரி', நிவேதிதா லூயிஸின் 'வடசென்னை: வரலாறும் வாழ்வியலும்' என்று, வெளியிலிருந்து வந்து கத்தியையும் குப்பத்தையும் மட்டும் பார்த்துப் போன சினிமாவுக்குப் பதில் சொல்லும் ஒரு வரிசை உருவாகியிருக்கிறது. நிவேதிதா லூயிஸ் தோழமைகளோடு தொடங்கிய 'ஹெர் ஸ்டோரீஸ்' பெண்களின் எழுத்துக்கென்றே இணையதளமாகவும் பதிப்பகமாகவும் இயங்குகிறது. பேருந்து ஏறாமலேயே எழுத்தைக் கொண்டு சேர்க்க அதில் வழி இருக்கிறது. இணையத்தின் நல்ல முகம் அது. ஆனால் எழுத்தாளருக்கு எதிரில் உட்கார்ந்து கேட்கிற காதுகளும் வேண்டும். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்க்காத வரை எந்த வரி நொண்டுகிறது என்று தெரிவதில்லை.

சத்தமாகப் படிக்கிற, பாடுகிற மேடை இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டு வாசலில் விடிய விடிய நடக்கும் அந்தப் பாட்டுக்குப் பிள்ளைகளை யாரும் வீட்டில் விட்டுவிட்டு வருவதில்லை. ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி, இசைக் கலைஞரான தகப்பனாரோடு சின்ன வயதிலேயே மேடை ஏறியவர். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் பெண் குரலாக நின்று, 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாத தகப்பன் மேடைக்கே கூட்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அவரை உதாரணமாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. தகப்பன் விரும்பியே கூட்டிப் போயிருக்கலாம். பலன் ஒன்றுதான்.

ராயபுரம், காசிமேடு கத்தோலிக்கக் குடும்பங்களில் அன்பியக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். கோயிலுக்கு வெளியே, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடுவார்கள். வேதாகமத்திலிருந்து ஒரு பகுதியை யாராவது எழுந்து படிப்பார்கள், பிறகு அதைப் பற்றித் தங்கள் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசுவார்கள். குழந்தைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். கடைசியில் டீ. 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்டமும் ஏறக்குறைய இதே மாதிரிதான். யார் வீட்டு வாசலிலோ பாய் விரித்து உட்கார்ந்து, சேமிப்பை எண்ணி, தீர்மான நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டை எழுதும் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? மடியில் பிள்ளை, பிள்ளையின் தலைக்கு மேலே நோட்டு. பத்துப் பேர் பேசியதைப் பத்து வரியில் அடக்கும் கலை அவளுக்குக் கைவந்திருக்கிறது. இலக்கியக் கூட்டம் கற்றுக்கொள்ள வேண்டிய அத்தனையும் அந்தப் பாயில் இருக்கிறது: நடந்து போகும் தூரம், பகல் வேளை, பிள்ளைக்குத் தடையில்லை, தலைவர் உரை இல்லை.

அரசு செய்தவற்றில் இதற்கு அருகில் வருவது, அதுவும் வேறு நோக்கத்தோடு வந்தது, 'இல்லம் தேடிக் கல்வி'. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கினார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், பெரும்பாலும் பெண்களே தன்னார்வலர்களாக, மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதையும் கணக்கும் சொன்னார்கள். சொந்தப் பிள்ளையும் அந்தக் கும்பலில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். நம் கூட்டங்களுக்கு எந்த ஆறு மணி ஆகாத வேளையோ அதே வேளையில், வீட்டுத் திண்ணையில், பெண்கள் ஆண்டுக்கணக்கில் கதை சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் வந்த 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. 1950-இல் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியபோது கனவு கண்ட வாசகர் கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். இந்தக் கதைசொல்லிகளில் எழுதும் ஆசை உள்ளவர்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குச் சொன்னதைப் போக மீதியை எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்க இலக்கிய அமைப்பு எதுவும் முந்தியதாக நான் பார்க்கவில்லை.

இடம் இல்லை என்பது எடுபடாத சாக்கு. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 1948-இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் போட்ட மாகாணம் இது. பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி வைத்த பெரிய நூலகம் 2010-இல் கோட்டூர்புரத்தில் எழுந்தது. எண்ணூரிலிருந்து அது இன்னொரு ஊர். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு தூரம் குறைந்தது, டிக்கெட் செலவு கூடியது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த 'முதல்வர் படைப்பகம்' படிக்கவும் பகிர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கவும் சிறு கட்டணத்தில் இடம் தருகிறது. போட்டித் தேர்வு எழுதுகிறவர்களையும் மடிக்கணினியில் பிழைக்கிறவர்களையும் மனதில் வைத்துக் கட்டியது. பெயரில் 'படைப்பு' இருப்பதால் கேட்கிறேன்: அங்கே ஒரு மூலையில் பாய் விரித்து, ஒரு பெட்டி பொம்மை வைத்தால் போதும்; செலவு அதிகமில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பது உண்மைதான். அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அதுவும் யாரோ ஒரு பாட்டியின் தலையில் விடியும்.

பகுதியின் கஷ்டங்களைச் சொல்லாமல் விட முடியாது, சொல்லிக்கொண்டே இருக்கவும் விருப்பமில்லை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அந்த மாதம் முடிவதற்குள் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்து, தூங்கின பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். அந்த இரவை எழுத வேண்டியவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். பத்திரிகையாளர்கள் மறுநாள் காலையில் வந்தார்கள், நன்றாகவே எழுதினார்கள். ஆனால் மூக்கு எரிய எழுந்து இருட்டில் எந்தப் பிள்ளையை முதலில் தூக்குவது என்று ஒரு நொடி நின்றவளின் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. எழுதுவதற்கு அவளுக்கு எப்போது நேரம் வரும், எழுதினதை எங்கே படிப்பாள் என்பதுதான் கேள்வி.

எப்போது என்பதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் லாஞ்சுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஏலச் சத்தம் குறையும். கையில் காசு இருக்காது; ஆனால் நாள்கணக்கில் கடலில் கிடந்த ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் பாதி நாள் பள்ளி விடுமுறை. எட்டு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் தேறும். வெயில் ஏறுமுன், காலை வேளையில், துறைமுகத்தை ஒட்டி ஏதாவது ஒரு வலைக்கூடத்து நிழல் போதும். ஆண்கள் அங்கே எப்படியும் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளை அவர்கள் பக்கம் அனுப்பிவிட்டு அவள் படிக்கட்டும். கை வேலையாக இருக்கும்போது காது சும்மாதானே கிடக்கிறது.